ஆகஸ்டுக்கு ஒரு கரை, டிசம்பருக்கு ஒரு கரை: இலங்கையில் எங்கே கடலில் இறங்கலாம்?

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் போன வாரம் அழைத்தார். ஆகஸ்டில் குடும்பத்தோடு இலங்கைக்கு வருகிறார்கள். தெற்குக் கரையில் இருக்கிற மிரிஸ்ஸவில் ஐந்து நாளைக்கு அறையும் போட்டாயிற்று. "படத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்குது தங்கச்சி, பிள்ளைகள் நல்லா விளையாடலாம்" என்றார். படத்தை எனக்கும் அனுப்பினார். நீலத் தண்ணீர், நுரையே இல்லாத கரை. ஜனவரியிலோ பெப்ரவரியிலோ எடுத்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகஸ்டில் அதே இடத்தில் நின்றால் கலங்கிய தண்ணீரும் சிவப்புக் கொடியும்தான் பெரும்பாலும் கண்ணில் படும்.

"இலங்கை கையளவு தீவு. இந்தக் கரை சரியில்லை என்றால் அந்தக் கரை மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். விடுமுறைக்கு வருகிற பல குடும்பங்கள் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன.

முதலில் யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன், முடிவே அதில்தான் இருக்கிறது. அண்ணாவுக்கு நீச்சல் தெரியும், ஆனால் பழகியதெல்லாம் நீச்சல் குளத்தில். அண்ணிக்குத் தெரியாது. மகளுக்குப் பதினைந்து வயது, அலைச்சறுக்குப் பழகியே தீருவேன் என்று நிற்கிறாள். மகனுக்கு ஏழு. பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு, கால் நனைத்தால் போதும்.

இனிக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, மாத்தறைக் கரைகளை நேராக வந்து அறைகிறது. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறிக் கிழக்கே இறங்கும். மட்டக்களப்பில் அதற்குப் பெயர் கச்சான். (நிலக்கடலைக்கும் நாங்கள் அதே பெயர்தான் சொல்வோம். இங்கே சொல்வது காற்றை.) கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அந்த மாதங்களில் கிழக்குக் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடை வீசும்போது எல்லாம் தலைகீழ். கிழக்கில் கடல் கொந்தளிக்கும், தெற்கும் மேற்கும் அடங்கும். 1978 நவம்பர் சூறாவளியை மட்டக்களப்பில் பார்த்த யாரிடமாவது கேளுங்கள், கார்த்திகை மார்கழியில் கிழக்குக் கடலை நம்பலாமா என்று.

ஆக, ஆகஸ்ட் என்றால் கிழக்கு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிழக்கில் எந்த ஊர் என்பதுதான் உண்மையான கேள்வி. பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்பை மூன்றும் ஒரே கரையில் இருந்தாலும் மூன்றின் கடலும் வேறு வேறு.

பாசிக்குடா மட்டக்களப்பிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். குடா என்ற பெயருக்கு ஏற்றாற்போல் உள்வாங்கிய கரை. வெளியே முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, இருப்பதால் பெரிய அலை அங்கேயே உடைந்து களைத்துவிடும். நூறு மீட்டர் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. நீச்சல் தெரியாத அண்ணிக்கும் ஏழு வயதுப் பையனுக்கும் ஆகஸ்டில் இதைவிடப் பொருத்தமான கடல் இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கேயும் ஆட்கள் மூழ்கியிருக்கிறார்கள். குடித்துவிட்டு இறங்குபவர்கள், ஆழமில்லை என்ற தைரியத்தில் பாரை நோக்கிப் போய்க்கொண்டே இருப்பவர்கள். இன்னொன்று, பக்கத்திலேயே இருக்கிற கல்குடாவையும் பாசிக்குடா என்று நினைத்து இறங்கக் கூடாது. ஒரு முனை திரும்பினால் கல்குடா, ஆனால் அது திறந்த கடல், சட்டென்று ஆழம் விழும்.

நிலாவெளி திருகோணமலைக்கு வடக்கே. வெண்மணலும் எதிரே புறாமலைத் தீவும் பார்க்கக் கண்கொள்ளாது. 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா. படகில் போய் முகமூடி போட்டுக் கொண்டு முருகைக்கல்லையும் மீன்களையும் பார்க்கலாம். உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் யாரையும் அந்தத் தண்ணீரில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன், தீவைச் சுற்றி நீரோட்டம் இருக்கிறது. கரையில் அலை குறைவுதான். ஆனால் அலை இல்லாத கடலிலும் ஆபத்து இருக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அந்தப் பக்கத்தில்தான்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூலையில் அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். கச்சான் பலமாக அடித்த நாள், தென்னோலைகள் எல்லாம் கடல் பக்கமாகவே சாய்ந்து நின்றன. கடல் தட்டையாக இருந்தது. விடுதியில் பிள்ளைகளுக்குக் காற்றடைத்த பெரிய வளையங்கள் கொடுத்தார்கள், காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தங்கையின் மகன் அதில் ஏறி உட்கார்ந்தான். முழங்கால் தண்ணீர்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தேன், அவன் இருபது மீட்டர் போயிருந்தான். சிரித்துக்கொண்டு கையாட்டினான். நான் நீந்த ஆரம்பித்தேன். நீந்த நீந்த இடைவெளி கூடியது. மஞ்சள் வளையம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி, அது என்னைவிட வேகமாகப் போனது. அவன் கையாட்டுவதை நிறுத்திவிட்டு வளையத்தை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தபோது என் கால்கள் தளர்ந்தன. வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர் எஞ்சினைப் போட்டுப் போய்த் தூக்கினார். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கச்சான் அடிக்கக்குள்ள ரியூப் வேணாம் தங்கச்சி."

அன்றிலிருந்து கிழக்கில் கடலுக்குப் போகுமுன் தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கடல் பக்கம் சாய்ந்தால் வளையம், காற்று மெத்தை, துடுப்புப் பலகை எதுவும் தண்ணீருக்குள் போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நிலாவெளியைவிடப் பாசிக்குடாவை முன்னே வைப்பேன். கச்சான் அங்கேயும் அடிக்கும்தான், ஆனால் எட்டிப் பிடிக்கிற ஆழத்தில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

அறுகம்பை கதையே வேறு. கொழும்பிலிருந்து 320 கிலோமீட்டர், பொத்துவிலுக்குத் தெற்கே, உல்லை என்று ஊர்க்காரர் சொல்லும் இடம். கச்சான் காலத்தில் கிழக்குக் கரை அடங்கும் என்றேன் அல்லவா, அப்படியானால் அங்கே மட்டும் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை உலகம் முழுவதிலுமிருந்து அலைச்சறுக்குக்காரர்கள் ஏன் வந்து குவிகிறார்கள்? அந்த அலை இங்கே அடிக்கிற காற்றால் எழுவதில்லை. தென் அட்சரேகை 40 பாகைக்கு அப்பால், அந்தாட்டிக்காவுக்கும் நமக்கும் இடையில் வெறும் கடலாகக் கிடக்கும் பகுதியில் புயல்கள் எழுப்புகிற அலை அது. ஸ்வெல் என்பார்கள். 14 நொடிக்கு ஓர் அலை என்ற கணக்கில் வரும் ஸ்வெல் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஐயாயிரம் கிலோமீட்டரைக் கடந்து வர ஐந்து நாளுக்கு மேல் ஆகும். தெற்கிலிருந்து வரும் அந்த அலை தீவின் தென்கிழக்கு மூலையில் முட்டி, அறுகம்பை முனையைச் சுற்றி வளைந்து, சறுக்குபவருக்கு வலப்பக்கமாக நீளமாக உடைந்துகொண்டே ஓடும். வடக்கே போகப்போகத் தீவே மறைத்துக்கொள்வதால் பாசிக்குடாவுக்கு அதன் மிச்சம்கூடச் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் ஒரே கரை, ஒரே மாதம், ஒன்றில் தொட்டில் மாதிரித் தண்ணீர், ஒன்றில் ஆள் உயர அலை.

அண்ணாவின் மகளுக்கு அறுகம்பையின் மெயின் பாயின்ட் வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லியிருக்கிறேன். அடியில் பாறையும் முருகைக்கல்லும். ஆகஸ்டில் அங்கே கூட்டமும் அதிகம், தேர்ந்தவர்கள் வரிசையில் நின்று அலை பிடிக்கிற இடம், பழகுகிறவர் குறுக்கே போனால் பலகை முகத்தில் படும். பழகுவதற்கு விரிகுடாவின் உள்பக்கத்தில் பேபி பாயின்ட் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பாயின்ட், தெற்கே பீனட் ஃபார்ம். விடிந்ததும் போய் ஒன்பது பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். காலையில் தரைக்காற்று அலையைச் சீராக வைத்திருக்கும், வெயில் ஏறினால் காற்று மாறிக் குழம்பும். ஊர்ப் பிள்ளைகளே நல்ல ஆசிரியர்கள். 2018இல் இங்கே பெண்களே தொடங்கிய அறுகம்பை கேர்ள்ஸ் சர்ஃப் கிளப் இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம். கடலோரத்தில் பிறந்தும் கடலுக்குள் இறங்க விடப்படாத பெண்கள் பலகை எடுத்துக்கொண்டு போகிற காட்சி எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிறது. மருமகள் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சறுக்கி முடித்து உப்பைக் கழுவலாம் என்று பக்கத்துக் களப்புகளில் (கடலோர உப்பங்கழிகளில்) கையோ காலோ வைக்கக் கூடாது. அந்தக் களப்புகளில் முதலை இருக்கிறது. 2017இல் ஒரு பிரிட்டிஷ் இளைஞர் அப்படித்தான் இறந்தார்.

சரி, டிசம்பரில் வருகிறவர்கள்? அவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், தெற்கில் தெரிவுகள் அதிகம், கொழும்பிலிருந்து அதிவேக வீதியில் இரண்டரை மணி நேரத்தில் வெலிகமவுக்குப் போய்விடலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அலைச்சறுக்குப் பழக வெலிகமதான் என் முதல் தெரிவு, அறுகம்பையைவிடவும். அகலமான குடா, அடி முழுக்க மணல், விழுந்தால் தோல் உரியாது. அங்கே பயப்பட வேண்டியது கூட்டத்துக்குத்தான். ஒரே அலையில் பத்துப் பேர் வருவார்கள், மற்றவர் பலகை மோதித்தான் பெரும்பாலும் காயம். குளிக்கிற பிள்ளைகளைப் பழகுகிறவர்களுக்கு நடுவில் விடவே கூடாது. மழை பெய்த மறுநாள் ஆறு வந்து சேரும் பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

குளிப்பதற்கு மட்டும் என்றால் உணவட்டுன, அல்லது மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேன. பொல்ஹேனவில் பார் கரையை ஒட்டியே கிடப்பதால் தொட்டி கட்டினாற்போல் இருக்கும், பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு நல்லது. ஹிக்கடுவயில் பாருக்கு உள்பக்கம் ஆமைகளைப் பார்க்கலாம். 1998இல் கடல் சூடேறி வெளிறிப்போன முருகைக்கல் இன்னும் பழையபடி ஆகவில்லை, காலை அதன் மேல் வைக்காதீர்கள், அதற்கும் நல்லதல்ல, காலுக்கும் நல்லதல்ல. அங்கிருந்து கொஞ்சம் தெற்கே நரிகமவில் பார் இல்லாத திறந்த மணற்கரை. அங்கே இழுவை, அதாவது ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகிற நீரோட்டம், இருக்கும். அண்ணா அறை போட்ட மிரிஸ்ஸ டிசம்பரில் அழகுதான், திமிங்கிலம் பார்க்கப் படகு போவதும் அந்தப் பருவத்தில்தான். ஆனாலும் சிறு பிள்ளைகளுக்கு அதைக் கடைசியாகத்தான் சொல்வேன், அலை கரையோரத்திலேயே விழுந்து காலை வாரும்.

ஏப்ரலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட மாதம், இரண்டு கரையிலும் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். குளிக்க நல்லது. பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம், முதல் இடி கேட்டதுமே கரையேறிவிட வேண்டும். புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தில் உயிர்காப்பாளரால் எல்லாரையும் பார்த்துக்கொள்ள முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இழுவை என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தீவின் திறந்த கரைகளில் ஆளை எடுப்பது பெரும்பாலும் அதுதான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது கல்லடிக் கரையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர், கரைவலைக்காரர், என்னைப் பிடித்து நிறுத்திக் கடலைக் காட்டினார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்கு உடையவே இல்லை. தண்ணீர் கறுப்பாக, அமைதியாக இருந்தது. மேலே நுரைத் துணுக்குகள் கடல் பக்கமாக மெல்ல நகர்ந்தன. "எதில இறங்குவாய்?" என்று கேட்டார். நான் அமைதியான இடத்தைக் காட்டினேன். "அதுதான் மகள் ஆளை எடுக்கிற இடம்" என்றார். கரைக்கு வந்த அலைத் தண்ணீரெல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஆறு மாதிரி வெளியே ஓடும். பள்ளம் ஆழம் என்பதால்தான் அங்கே அலை உடையாது. பலமான இழுவை நொடிக்கு 2 மீட்டர் வரை போகும், எதிர்த்து நீந்தி யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது.

அது தண்ணீருக்கு அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தால் மூச்சு இருக்கும். கரையை நோக்கி அடித்துக்கொண்டு களைக்காமல், மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து அதனோடு கரையேறலாம். கரையில் நிற்பவர்கள் வெறுங்கையோடு பின்னால் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவர் இறந்த கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம். மிதக்கிற எதையாவது எறியுங்கள், வெறும் தண்ணீர்க் கேன் என்றாலும் சரி.

வானிலைச் செயலிகளில் அலை உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு இன்னொன்று. பக்கத்திலேயே நொடிக் கணக்கு ஒன்று போட்டிருப்பார்கள், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. உயரம் ஒரு மீட்டர்தான் என்றாலும், 7 நொடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய சில்லலை, 15 நொடி என்றால் தூரத்துப் புயல் அனுப்பிய கனத்த அலை. கரைக்கு வரும்போது அது நிமிர்ந்து எழும், இழுவையும் கூடும். அந்த உயரமும் பெரிய அலைகளின் சராசரிதான், ஒரு காலைப் பொழுதுக்குள் அதைப்போல இரு மடங்கு அலை ஒன்று வந்து போகலாம். காற்றே இல்லாத, வெயில் எறிக்கிற நாளிலும் இது நடக்கும். கேரள மீனவர்கள் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள், 2012இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில் குமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். குமரிக் கரைக்கு வருகிற அதே தென் ஸ்வெல்தான் இலங்கையின் தெற்குக்கும் அறுகம்பைக்கும் வருகிறது. ஆகவே செயலியில் 13, 14 நொடிக்கு மேல் கண்டால் அன்றைக்கு நீச்சல் தெரியாதவர்களைத் திறந்த கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

கொடிகளும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சிவப்பு கீழே மஞ்சள் என்றால் உயிர்காப்பாளர் பார்க்கிற இடம், இரண்டு கொடிக்கும் நடுவில் குளியுங்கள். தனிச் சிவப்பு என்றால் இறங்கவே வேண்டாம். கொடியே இல்லையென்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, பார்க்க ஆளில்லை என்று அர்த்தம். பெரிய கரைகளில் பொலிசின் உயிர்காப்புப் பிரிவினரோ கடலோரக் காவல்படையினரோ நிற்பார்கள். பொலிசுக்கு 119, சுவசெரிய அம்புலன்சுக்கு 1990. கட்டணம் இல்லை.

அண்ணாவுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இது. மிரிஸ்ஸ அறையை விட்டுவிடுவது. முதல் மூன்று நாள் எல்லாருமாகப் பாசிக்குடா. பிறகு கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்குக் காரில் இறங்கி இரண்டு நாள் அறுகம்பை. அங்கே மகளுக்கு விடிகாலையில் ஆசிரியரோடு பாடம், அண்ணாவும் பலகை எடுத்தால் அவரும் ஆசிரியர் சொல்கிற இடத்தில்தான். மகனும் அண்ணியும் படகுகள் இழுத்து வைத்திருக்கும் உள்பக்கக் கரையில், முழங்காலுக்கு மேல் போகாமல். காற்று வளையம் எங்கேயும் கிடையாது.

அண்ணா இரண்டு நாள் யோசித்தார். முன்பணம் போகிறதே என்ற கவலை அவருக்கு. பெரியம்மா போனை வாங்கிப் பேசினார். அறுகம்பையிலிருந்து பாணமை வழியாகப் போனால் உகந்தை முருகன் கோயில், கதிர்காமப் பாதயாத்திரை காட்டுக்குள் நுழைவது அங்கிருந்துதான் என்று சொன்னேன். "அப்ப அறுகம்பையில மூண்டு நாள் போடு" என்றார்.